பக்கவாத்தியம் கேட்கும் காது: திரையின் பின்னணி இசையும் அதைக் கைமாற்றியவர்களும்

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் சங்க இலக்கியமோ சமய இலக்கியமோ கேட்கலாம் என்று வந்திருப்பீர்கள். தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர்களும் சற்று யோசித்தார்கள். பிறகு சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். சினிமாவில் காட்சிக்குப் பின்னால் ஒலிக்கும் இசை, அதைத் தனியே பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்து இன்னொருவர் காதில் போட்டுக் காட்டும் ரசிகர்கள், அதே வேலையை இன்று ஜப்பானிய அனிமே இசைக்கும் வீடியோ கேம் இசைக்கும் செய்துகொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள். இவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இதைப் பேசுவதற்குப் புதுக்கோட்டையைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. காரணம் இரண்டு. ஒரு பாறை, ஒரு கஞ்சிரா.

பாறையை முதலில் பார்ப்போம். இங்கிருந்து இருபது கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. சிகாநாதர் கோயிலுக்குள், மேலைக்கோயில் என்று அழைக்கப்படும் குடைவரையின் பக்கத்துப் பாறையில், ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி பரப்பில் எழுத்துகள் நிறைந்திருக்கின்றன. கிரந்த எழுத்து. எழுத்தின் அமைதியை வைத்து ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். மொத்தம் 38 வரிகள். கோயில் கல்வெட்டு என்றால் நமக்குப் பழக்கமானவை நில தானம், விளக்குக்கு ஆடு, நான்கெல்லை. இதில் அவை எதுவும் கிடையாது. சுரங்கள் மட்டுமே இருக்கின்றன. நான்கு நான்கு சுரங்களாகப் பிரித்து, ஏழு பகுதிகளாக வெட்டியிருக்கிறார்கள். மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று ஏழு பழைய ராகங்களுக்கு உரியவை அவை. 1904இல் கல்வெட்டுத் துறையின் கவனத்துக்கு வந்தது, பி. ஆர். பண்டார்க்கர் எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார். ஒவ்வொரு சுரமும் ச, சி, சு, சே என்று உயிர் மாறி மாறி வருகிறது. அந்த மாற்றம் சுருதியைக் குறிக்கிறதா, விரல் வைப்பைக் குறிக்கிறதா என்று இசையறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாக வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இன்று தேவை அதன் கடைசிப் பகுதி. உருத்திராசாரியரின் மாணவனும் சிவபக்தனுமான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இவற்றைச் செய்தான் என்று வடமொழியில் முடிகிறது. அதன் கீழே தமிழில் சிறு குறிப்பு ஒன்றும் உண்டு: இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்ற பொருளில். அரசன் தன் பெயரைச் சொல்லவில்லை. மகேந்திரவர்ம பல்லவன் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள்; மறுப்பவர்களும் உண்டு. ஆனால் தனக்குச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரை மட்டும் மறக்காமல் வெட்டியிருக்கிறான். தான் கற்று ரசித்ததை, முன்பின் தெரியாத ஒருவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவிடத்தில் வைத்தவன் அவன். அதோடு யாரிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லி வைத்தான். இந்த இரண்டாவது செயலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதைச் சொல்லி உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

அடுத்தது கஞ்சிரா. மான்பூண்டியா பிள்ளை இந்த ஊர்க்காரர். அரண்மனையில் விளக்குத் தூக்கும் வேலையில் இருந்து, தவில்காரர் ஒருவரிடம் லயம் கற்று, உடும்புத் தோல் போர்த்திய அந்தச் சின்ன வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் என்பது இசையுலகம் அறிந்த வரலாறு. அவர் சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெரும்பெயர் எடுத்தார். பழனி முத்தையா பிள்ளை வழியாக அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை வரை இந்த மரபு நீண்டது. இசை வரலாற்றில் புதுக்கோட்டை என்றால் லயம்தான். பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கக் கச்சேரிக்குப் போன ஜனங்கள் இந்தப் பக்கத்து ஜனங்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காப்பிக்கு எழுந்து போகிற சபாக்களும் உண்டு. அவர்களைப் பற்றி இந்த ஊரில் நின்று பேசுவது மரியாதை ஆகாது.

துணைக்கு வந்த ஒலியைத் தனியாகக் கேட்கிற காது ஒன்று உண்டு என்பதே நான் சொல்ல வருவது. அந்தக் காது இருக்கிறவர்கள்தான் தமிழ் சினிமாவின் பின்னணி இசையைக் காப்பாற்றினார்கள். கம்பெனிகளும் அரசும் பல்கலைக்கழகங்களும் அதைச் செய்யவில்லை.

ஏன் அவர்கள் காப்பாற்ற வேண்டி வந்தது? அன்று தொழில் நடந்த வரிசையைப் பார்த்தால் விளங்கும். ஒரு படத்துக்குப் பாட்டு முதலில் பதிவாகும், பிறகு படப்பிடிப்பு. பாட்டுக் கேசட் படத்துக்கு முன்னாலேயே கடைக்கு வந்துவிடும். படம் எடுத்து, வெட்டி, வசனம் சேர்த்து, வெளியீட்டுத் தேதி கழுத்தை நெரிக்கிற நேரத்தில்தான் ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசைப் பதிவு, நடக்கும். தொழிலில் அதற்கு ஆர்.ஆர். என்று பெயர், ரசிகர்கள் பி.ஜி.எம். என்கிறார்கள். ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் பதினோரு நிமிடம் ஓடும். ரீல் ரீலாகத் திரையில் போட்டுப் பார்த்து, இசையமைப்பாளர் குறிப்பு எழுத, உதவியாளர்கள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் படியெடுத்துக் கொடுக்க, அங்கேயே வாசித்துப் பதிவு செய்வார்கள். சென்னை பிரசாத் ஸ்டூடியோவில் இளையராஜா பல பத்தாண்டுகள் அப்படித்தான் வேலை செய்தார். கேசட் அச்சாகிக் கடையில் தொங்கும் நாளில் பின்னணி இசை பிறந்தேகூட இருக்காது. பிறகு எப்படி அதைக் கேசட்டில் சேர்ப்பது? படம் ஓடி முடிந்த பிறகு அதற்கென்று தனிக் கேசட் போடலாம் என்று எந்த வியாபாரிக்கும் தோன்றவில்லை. வார்த்தை இல்லாத இசையை யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வசனம் ஒரு தடம், இசை ஒரு தடம், கதவுச் சத்தம் மழைச் சத்தம் ஒரு தடம். கடைசியில் எல்லாவற்றையும் கலந்து ஒன்றாக்கிவிடுவார்கள். கலந்த பிறகு இசையை மட்டும் உருவியெடுப்பது அன்றைய கருவிகளால் ஆகாத காரியம். கலக்காத நாடாக்கள் தயாரிப்பாளரிடமோ ஸ்டூடியோவிலோ கிடக்கும். தயாரிப்பாளர் தொழிலை விட்டுப் போனால் நாடாவும் போயிற்று. 1976இல் வந்த ‘அன்னக்கிளி’ தொடங்கி இளையராஜா இசையமைத்த படங்கள் ஆயிரத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறோம். அவற்றில் பெரும்பாலான படங்களின் பாட்டு கடையில் கிடைத்தது. ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’, ‘ஜானி’, ‘மௌன ராகம்’ என்று நாம் வாய் ஓயாமல் பேசும் படங்களின் பின்னணி இசையைச் சுத்தமான தனிப் பதிவாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

பாட்டை நம்பாத விலக்குப் படங்களும் உண்டு, அவை சுவையானவை. வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாட்டே இல்லாத படம். ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்துக்கு இசை வீணை சிட்டிபாபு. ‘பேசும் படம்’ (1987) வசனமே இல்லாமல் வந்தது, எல். வைத்தியநாதனின் இசையின் மேல் யாருமே பேச முடியாது! அதைவிட விசித்திரமானது பாலு மகேந்திராவின் ‘வீடு’. இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்?’ என்று ஒரு தனித் தொகுப்பு வெளியிட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாக்கிய கருவியிசை அது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர். அந்தத் தொகுப்பிலிருந்து இசையை எடுத்துத்தான் ‘வீடு’ படத்தின் காட்சிகளுக்குப் பின்னணியாக வைத்தார்கள். படத்திலிருந்து இசை கேசட்டுக்கு வர வழியில்லாத ஊரில், கேசட்டிலிருந்து இசை படத்துக்குப் போனது.

ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். காது பழகியது வானொலியில். திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. புதுக்கோட்டைச் சீமை முழுக்க அதன் குரல் கேட்கும். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் போனால் இலங்கை வானொலி இன்னும் துல்லியம். அதன் அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் அந்தக் கடற்கரைக்கு அடுத்த வீட்டுக்காரர்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒன்று வரும். ஒரு முழுப் படத்தின் ஒலியை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவார்கள். திரை கிடையாது, ஒலி மட்டும்தான். கதாநாயகி பேசாமல் நிற்கிற இடத்தில் வானொலியில் என்ன வரும்? புல்லாங்குழல் வரும். தியேட்டரில் கண் விழுங்கிவிட்ட இசை வானொலியில்தான் முதல்முதலாகக் காதுக்குக் கிடைத்தது. 1984இல் ‘விதி’ படத்தின் வசனக் கேசட் டீக்கடை தோறும், கல்யாண வீடு தோறும் ஓடியதை இங்கே நரைத்த தலைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீதிமன்ற வசனத்தை மனப்பாடம் செய்த ஊர், அதற்கு அடியில் ஓடிய இசையையும் தெரியாமலே மனப்பாடம் செய்துவிட்டது.

அடுத்தது ரெக்கார்டிங் சென்டர். இங்குள்ள மாணவர்களுக்காகச் சொல்கிறேன். காலிக் கேசட் ஒன்றை வாங்கி, வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். கீழராஜ வீதிப் பக்கம், அறந்தாங்கியில், ஆலங்குடியில், பொன்னமராவதியில், எங்கும் அப்படிக் கடைகள் இருந்தன. கேசட் அட்டையில் கோணல் எழுத்தில் பாட்டின் முதல் வரியும் படத்தின் பெயரும் இருக்கும். அந்தப் பட்டியல்களில் சிலது வித்தியாசமாக இருக்கும். பாட்டு வரிசைக்கு நடுவே ‘ஜானி டைட்டில் மியூசிக்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். ஏனென்றால் அதற்கு வீடியோ டெக்கை எடுத்து வைத்து, படத்தைப் போட்டு, வயர் மாட்டி, சரியான இடத்தில் பட்டனை அமுக்க வேண்டும். ஆனாலும் செய்து கொடுப்பார். தனக்குப் பிடித்துப்போனால் தன் மாஸ்டர் கேசட்டிலும் ஏற்றிக்கொள்வார். அடுத்து வருகிறவரிடம், ‘தம்பி, இதைக் கேட்டுப் பாருங்க’ என்று போட்டுக் காட்டுவார். இசை விமர்சகர் என்ற பட்டம் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. என் அனுபவத்தில் நான் சந்தித்த மிக நல்ல விமர்சகர்கள் சிலர் அந்த மரத் தடுப்புக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படி எடுத்த பதிவுகளில் இசை தனியாக இருக்காது. மேலே யாராவது பேசுவார்கள், ரயில் கூவும், மழை கொட்டும். கேட்கிறவர் அதையெல்லாம் தள்ளிவிட்டு அடியில் ஓடுவதைக் கேட்கப் பழகினார். இந்தப் பழக்கத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. சேர்ந்திசையில் எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது, பேஸ் கிட்டார் எதைத் தாங்குகிறது, ஒரே மெட்டு சோகத்துக்கும் சந்தோஷத்துக்கும் எப்படி உருமாறுகிறது என்பதைச் சுரம் படிக்காத ஓர் ஆள் சொல்ல முடிந்தது. ‘மௌன ராகம்’ படத்தில் ஒரே மெட்டு எங்கெங்கே எப்படியெல்லாம் திரும்பி வருகிறது என்று மளிகைக் கடையில் எடை போட்டுக்கொண்டே விளக்கியவர்களை எனக்குத் தெரியும். மேற்கத்திய இசைக் கல்லூரியில் பாடமாக வைக்கிற விஷயம் அது.

பிறகு செல்போன் வந்தது. நோக்கியா 3310 (2000ஆம் ஆண்டு வந்த போன்) வைத்திருந்தவர்களுக்கு அதிலிருந்த கம்போஸர் ஞாபகம் இருக்கும். எந்த எண்ணை அமுக்கினால் எந்தச் சுரம், எப்படி நீட்டுவது, எப்படி மேல் ஸ்தாயிக்குப் போவது என்று தாளில் எழுதிக் கைக்குக் கை கொடுப்பார்கள். பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில்கூட அந்த எண் வரிசைப் புத்தகங்கள் தொங்கின. படத்தில் முழு வாத்தியக் குழு வாசித்த மெட்டு, கொசு பாடுகிற மாதிரிக் கேட்கும். இருந்தாலும் அது சுர எழுத்துத்தான். குடுமியான்மலைப் பாறைக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் சாதாரண ஜனம் இவ்வளவு பரவலாகச் சுரக் குறிப்பு எழுதியது அந்த நான்கைந்து வருடத்தில்தான் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. பாதி விளையாட்டு.

ஏ. ஆர். ரஹ்மான் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. 1995இல் வந்த ‘பம்பாய்’ படத்தின் தீம் இசை கேசட்டிலேயே தனி உருப்படியாக இருந்தது. நவீன்குமாரின் குழலில் தொடங்கும் அந்த இசை அரபு நாட்டுப் படத்துக்கும் ஹாலிவுட்டுக்கும் போனது: ‘டிவைன் இன்டர்வென்ஷன்’ (2002), ‘லார்ட் ஆஃப் வார்’ (2005). வார்த்தை இல்லாததை யார் வாங்குவார்கள் என்ற வியாபாரக் கேள்விக்கு அது ஒரு பதில். அரசும் மெதுவாக விழித்துக்கொண்டது. தேசியத் திரைப்பட விருதில் பாட்டுக்கும் பின்னணிக்கும் தனித்தனி விருது என்ற ஏற்பாடு 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து நிலைபெற்றது. அந்த ஆண்டின் பின்னணி இசை விருது ‘பழசிராஜா’ படத்துக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது. பிறகு ‘தாரை தப்பட்டை’க்கு மறுபடி அவருக்கு, ‘சூரரைப் போற்று’க்கு ஜி. வி. பிரகாஷுக்கு, ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்கு ரஹ்மானுக்கு. ரெக்கார்டிங் சென்டர் அண்ணன் எண்பதுகளிலேயே கொடுத்துவிட்ட விருது அது.

இப்போது பிள்ளைகள் பக்கம் வருகிறேன். அனிமே என்றால் பொம்மைப்படம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிற பெற்றோர் இந்த அவையில் இருப்பீர்கள். உங்கள் மகள் காதில் மாட்டிக்கொண்டு படிக்கிறாளே, அது என்ன என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். ‘நருட்டோ’வுக்கு டோஷியோ மசுதா போட்ட சோகமான குழலிசையாக இருக்கலாம். ஜோ ஹிசைஷி கிப்லி ஸ்டூடியோ படங்களுக்குப் போட்ட பியானோவாக இருக்கலாம். ஹிரோயுகி சவானோ ‘அட்டாக் ஆன் டைட்டன்’ தொடருக்குப் போட்ட பேரிரைச்சலாகவும் இருக்கலாம். மொழி தெரியாது, நாடு தெரியாது. இசை மட்டும் தெரியும்.

ஜப்பானில் வேலை நடக்கும் விதம் நம்முடையதிலிருந்து அடியோடு வேறு. அதைச் சொன்னால்தான் ஏன் அந்த இசை இவ்வளவு எளிதாகக் கைமாறுகிறது என்பது புரியும். தொலைக்காட்சி அனிமே தொடர்களில் பெரும்பாலும் படம் வரைந்து முடிவதற்கு முன்பே இசையைப் பதிவு செய்துவிடுகிறார்கள். ஒலி இயக்குநர் ஒரு பட்டியல் கொடுப்பார்: பிரிவுக்கு ஒன்று, சண்டைக்கு இரண்டு, அமைதியான காலைக்கு ஒன்று. இசையமைப்பாளர் ஒவ்வொன்றையும் தொடக்கமும் முடிவும் உள்ள முழு உருப்படியாக எழுதிக் கொடுப்பார். பிறகு அதிலிருந்து தேவையானதை எடுத்துக் காட்சிகளுக்கு வைத்துக்கொள்வார்கள். ஹிசைஷி 1984இல் வந்த ‘நவ்ஸிகா’ படத்துக்கு, படம் முடிவதற்கு முன்பே 1983இல் ‘இமேஜ் ஆல்பம்’ என்ற கற்பனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். படத்தின் இசை வேலையே அதிலிருந்துதான் வளர்ந்தது. நம் ஆர்.ஆர். காட்சியின் நீளத்துக்கு, விநாடிக் கணக்கில் தைக்கப்படுவது. கதாநாயகன் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிடும். நாற்பது விநாடி இசையைத் தனியே கேட்டால் பாதிப் பேச்சில் எழுந்து போனது போல இருக்கும். ஜப்பானிய உருப்படி தனியாகவே நிற்கும். ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கத் தயாராகவே இருக்கும்.

வீடியோ கேமில் கதை வேறு மாதிரி. ஆடுகிறவர் ஒரு குகையில் ஐந்து நிமிடம் இருப்பாரா, வழி தெரியாமல் ஒரு மணி நேரம் இருப்பாரா என்று இசையமைப்பாளருக்குத் தெரியாது. ஆகவே இசை சுற்றிச் சுற்றி வர வேண்டும், சலிக்கவும் கூடாது. கோஜி கோண்டோ 1985இல் ‘சூப்பர் மாரியோ’வுக்கு எழுதியதை 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது, அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் வீடியோ கேம் இசை அது. ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டின் இசையை கோயிச்சி சுகியாமா 1987லேயே வாத்தியக் குழுவை வைத்துக் கச்சேரி செய்தார். 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் நடந்து வந்தபோது ஒலித்தவை அவர் இசையும் நோபுவோ உஎமட்சுவின் இசையும் உள்ளிட்ட கேம் இசைகள்தான். ஒரு நாடு தன் விருந்தாளிகளை அதை வாசித்து வரவேற்றது. நாம் பிள்ளைகளிடம் போனைப் பிடுங்கி வைக்கிறோம்.

இப்படி அனுமதி கேட்காமல் இசையைக் கைமாற்றுவது திருட்டு ஆகாதா என்று வழக்கறிஞர் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், தியேட்டருக்கு வெளியே இசை பயன்படும்போது வரும் ராயல்டியில் இசையமைப்பாளருக்குச் சமபங்கு உண்டு என்றும், அதை அவர் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றும் உறுதி செய்தது. விற்றுக் காசு பார்ப்பவரைச் சட்டம் பிடிக்கட்டும்; எனக்கு அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கடையில் கிடைக்கிற பொருளைத் திருடுவதும், யாரும் விற்கவே மறுத்த பொருள் அழியாமல் ஒருவர் வீட்டு அலமாரியில் இருப்பதும் என் கணக்கில் ஒன்றாகா. கம்பெனிகள் இன்று பின்னணி இசையை முறையாகத் தொகுத்து வெளியிடத் தொடங்கியிருக்கின்றன. வந்த பிறகு அதைத்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்பு இந்த இசைக்கு ஆள் இருக்கிறது என்று நிரூபித்தவர் கோணல் எழுத்தில் பட்டியல் எழுதியவர்தான்.

ரசிகர்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. முதல் குறை, ருசி குறுகிப்போனது. ‘பி.ஜி.எம்.’ என்றால் இன்று பெரும்பாலும் கதாநாயகன் கார் கதவைத் திறந்து இறங்குகிற பத்து விநாடி. ரசிகர்கள் வெட்டி அனுப்புவார்கள் என்று தெரிந்தே, வெட்டுவதற்கு வாகாக இசையமைக்கிறார்கள். அதிர்வு இருக்கிறது, திறமையும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் வாசலில் நின்று யோசிக்கிற காட்சிக்கு இசை போட ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ‘96’ படத்தில் கோவிந்த் வசந்தாவின் வயலின் கேட்டு இளைஞர்கள் உருகியதைப் பார்த்தபோது, கேட்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிடவில்லை, கொடுக்கிறவர்கள்தான் தயங்குகிறார்கள் என்று பட்டது.

இரண்டாவது குறை பெரியது. முன்னே சொன்ன சண்டை இதுதான். நம் ரசிகர் இசையைக் கைமாற்றும்போது வாசித்தவர் பெயரை விட்டுவிடுகிறார். இளையராஜா என்று சொல்வார். அது நியாயம்தான், எழுதியவர் அவர். ஆனால் நாம் உருகிய குழல் சுதாகருடையதா, பின்னாளில் அருண்மொழி என்று பாடவும் செய்த நெப்போலியனுடையதா? கிட்டார் சதானந்தம், பேஸ் சசிதரன், கீபோர்டு விஜி மேனுவல், டிரம்ஸ் புருஷோத்தமன். இந்தப் பெயர்களைப் படத்தின் தலைப்பு அட்டைகளில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். கேசட் உறைகளில் வாசித்தவர்கள் பெயரை அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கியது ரஹ்மான். அதற்கு முந்தைய தலைமுறை வாத்தியக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். அவர்கள் வாசித்தது மட்டும் நம்மிடம் இருக்கிறது. பக்கவாத்தியக்காரர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு கச்சேரிக்குப் போன ஊர் இது. பெயர் இல்லாத அந்த அரசன்கூடத் தன் ஆசிரியர் பெயரைப் பாறையில் விட்டுப் போனான். கேசட் அட்டையில் ஒரு வரி எழுத நமக்கு இடமில்லாமல் போயிற்று.

அனிமே கேட்கிற பிள்ளைகள் இந்த விஷயத்தில் நம்மைவிட மேல். ஹிசைஷி என்பார்கள், யோகோ கன்னோ என்பார்கள், எந்த அத்தியாயத்தில் எத்தனையாவது நிமிடம் என்பார்கள். அந்தப் பழக்கத்தைத் தமிழ்ப் படத்துக்கும் கொண்டுவரச் சொல்லித்தான் உங்களிடம் கேட்கிறேன். தொடங்க ஓர் இடமும் சொல்கிறேன். இந்த மாவட்டத்திலேயே ஆவுடையார்கோயில் இருக்கிறது. திருவாசகத்தோடு பிரிக்க முடியாத தலம். இளையராஜா 2005இல் திருவாசகத்துக்குச் சேர்ந்திசை அமைத்து, புடாபெஸ்ட் வாத்தியக் குழுவை வைத்துப் பதிவு செய்து வெளியிட்டார். அதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை, எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்ன செய்கிறது என்று விளக்குகிற கட்டுரை, இந்த மாவட்டத்து மாணவர் ஒருவர் கையால் வரக் கூடாதா?

இந்த அவையில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பரணில் பழைய கேசட் பெட்டி இருந்தால், வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது. பூஞ்சை பிடித்த நாடா அதிக காலம் தாங்காது. இசைத்தட்டும் கேசட்டும் ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, கணினியில் ஏற்றி வையுங்கள். கேசட் அட்டையையும் படமெடுத்து வையுங்கள். அந்தக் கையெழுத்துப் பட்டியல் இசைக்குச் சமமான ஆவணம். ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவர்கள் பலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வேறு தொழில் பார்க்கிறார்கள். தமிழ்த்துறை மாணவர்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்து, யார் என்ன கேட்டார்கள், எந்தப் படத்தின் இசையை எத்தனை பேர் பதிந்துகொண்டு போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நாட்டுப்புறப் பாடல் சேகரிக்கப் போவதைப் போலவே இதுவும் களப்பணிதான். ஆய்வேட்டுக்குத் தாராளமாகத் தகும். பழைய வாத்தியக்காரர்கள் பலர் சென்னையில் இருக்கிறார்கள், முதுமையில் இருக்கிறார்கள். எந்தப் படத்தில் எந்த இடத்தில் வாசித்தீர்கள் என்று அவர்களிடம் கேட்டு, பெயரும் வாத்தியமும் படமும் ஆண்டும் போட்டு எழுதி வையுங்கள். எழுதியதைக் கல்லூரி நூலகத்தில் ஒரு படி, மாவட்ட மைய நூலகத்தில் ஒரு படி கொடுத்துவிடுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.